தீயணைப்பு அருங்காட்சியகம் காக்க வேண்டியது எது?

கேள்வி

தீயணைப்பின் சரித்திரத்தைப் போற்றுவதற்கென்றே அமைந்த அருங்காட்சியகங்கள் உலகின் பல நகரங்களில் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவற்றில், உள்ளே நுழைகிறவரை முதலில் எதிர்கொள்வது, சிவப்பு வர்ணம் பளபளக்க, பித்தளை மணி மின்ன, சக்கரத்தின் ஆரங்களில் பொற்கோடுகள் ஓட, தொழிற்சாலையை விட்டு வெளிவந்த அன்றைய கோலத்திலேயே நிற்கும் ஒரு வண்டிதான். குழந்தைகள் அதைச் சுற்றி ஓடுகிறார்கள். பெரியவர்கள் அதன் விசையையும் வேகத்தையும் விளக்கும் அட்டையைப் படித்து வியக்கிறார்கள். அந்த வண்டி எந்தத் தெருவில் எரிந்த எந்த வீட்டுக்குப் போயிற்று, அதில் ஏறிச் சென்றவர்கள் எத்தனை பேர், திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர், போய்ச் சேர்ந்த இடத்தில் தண்ணீர் இருந்ததா, ஏணி எட்டியதா, கதவு திறந்திருந்ததா என்ற கேள்விகளுக்கு அந்த அட்டையில் பெரும்பாலும் இடமிருப்பதில்லை.

இத்தகைய ஸ்தாபனத்தை நடத்துகிறவர்கள் காக்க வேண்டியது இயந்திரத்தையா, தீயின் சாட்சியத்தையா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட விசாரணை. இரண்டும் ஒன்றுதானே என்று மேலோட்டமாகத் தோன்றலாம். ஆனால் பழுது பார்ப்பதா, இருந்தபடி விடுவதா; புது வர்ணம் பூசுவதா, உரிந்த பழைய வர்ணத்தைக் காப்பதா; கிடைத்த இடத்தில் இன்னொரு வண்டியை நிறுத்துவதா, பதிவேடுகளுக்கு ஓர் அறை ஒதுக்குவதா என்று அன்றாட நிர்வாகத்தில் முடிவு செய்ய நேரும்போதெல்லாம் இவ்விரண்டும் எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன. சாட்சியத்தின் பக்கமே நான் நிற்கிறேன். ஆயினும் இயந்திரத்தின் மெருகைக் காக்கும் பக்கத்து நியாயம் பலர் எண்ணுவதைவிட வலுவானது என்பதையும் இங்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

சேகரித்தவர்களும் சேகரமும்

ஒரு காட்சிசாலை எதைப் பேசும், எதைப் பேசாது என்பதை, அதைத் தொடங்கியவர் யார் என்பதிலிருந்தே பெரும்பாலும் ஊகித்துவிடலாம். அமெரிக்காவில் அரிஸோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் உள்ள 'ஹால் ஆஃப் ஃபிளேம்' ஒரு தனிமனிதரின் ஆசையிலிருந்து பிறந்தது. ஜார்ஜ் கெட்ஸ் என்ற தொழிலதிபர் பழைய தீயணைப்பு வண்டிகளின்மேல் ஆசை கொண்டிருக்க, 1955ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு அவர் மனைவி, 1924இல் செய்யப்பட்ட அமெரிக்கன் லாஃபிரான்ஸ் வண்டி ஒன்றையே அவருக்குப் பரிசளித்தார். அதிலிருந்து வளர்ந்த சேகரம் 1961இல் விஸ்கான்ஸின் மாநிலத்துக் கெனோஷாவில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு, 1974இல் பீனிக்ஸுக்கு மாறியது. கையால் இயக்கிய பம்பு முதல் மோட்டார் வண்டி வரை, செப்பனிடப்பட்ட சாதனங்கள் காலக்கிரமமாக அங்கே வரிசைப்பட்டு நிற்கின்றன. இயந்திரத்தை நேசித்தவர் இயந்திரங்களைச் சேர்த்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நியூயார்க்கின் கதை வேறு. தீயணைப்புத் துறை தன் பயிற்சிக் கல்லூரியில் 1934இல் தொடங்கிய சேகரமும், ஹோம் இன்ஷூரன்ஸ் கம்பெனி தன் அலுவலகத்தில் வைத்திருந்த சேகரமும் ஒன்றுசேர்ந்து, 1904இல் கட்டப்பட்ட ஸ்பிரிங் தெருத் தீயணைப்பு நிலையத்தில் 1987இல் அருங்காட்சியகமாக உருப்பெற்றன. துறை தன் வீரர்களை நினைத்தது. கம்பெனி தன் தொழிலின் பழம்பெருமையை நினைத்தது. லண்டனில் மாநகரத் தீயணைப்புப் படையின் அருங்காட்சியகம், படையின் தலைமையகமாக 1878 முதல் விளங்கிய சவுத்வார்க் வின்செஸ்டர் மாளிகையில் வெகுகாலம் இயங்கி, 2015இல் மூடப்பட்டது. படையின் கையில் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு, படையின் நிலமும் கட்டடமும் கைமாறும் வேளையில் தன் இருப்பிடமே கேள்விக்குள்ளாகும் என்பதற்கு இது உதாரணம். காட்சிசாலையைத் தனி அறக்கட்டளையாக நிறுவுவதா, துறையின் கிளையாகவே வைத்திருப்பதா என்ற நிர்வாகப் பிரச்சினை இங்கிருந்தே எழுகிறது. கிளையாக இருந்தால் சம்பளமும் இடமும் துறையைச் சார்ந்திருக்கும், துறையின் தவறுகளைப் பேசும் சுதந்திரம் சுருங்கும். தனித்து நின்றால் சுதந்திரம் இருக்கும், வாடகைக்கு வழி இராது.

தோக்கியோவில் மாநகரத் தீயணைப்புத் துறையே யொத்ஸுயாவில் 1992 முதல் நடத்திவரும் அருங்காட்சியகம், கட்டணமின்றி எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அங்கே ஹெலிகாப்டரும் உண்டு, பழைய மோட்டார் வண்டிகளும் உண்டு. ஆயினும் அதன் உண்மையான பெருமை எடோ காலத்துப் பகுதியில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அந்நகரின் பழம்பெயர் எடோ. மரமும் காகிதமும் கொண்டு கட்டப்பட்ட அந்த ஊரில், 1657ஆம் ஆண்டு மெய்ரெக்கிப் பெருந்தீயில் லட்சம் பேர் வரை மடிந்ததாகக் கணக்கிடுவர். 1720 வாக்கில் நகரத்தார் பல குழுக்களாகப் பிரிந்து தீயை எதிர்த்தார்கள்; பின்னாளில் அவர்களிடம் வந்த கைப்பம்பும் மிகவும் பலவீனமானது. ஆதலால் அவர்கள் தண்ணீரைவிடக் கொக்கியையும் கோடரியையுமே நம்பி, காற்று வீசும் திசையில் அடுத்து எரியக்கூடிய வீடுகளை இடித்துத் தள்ளித் தீயின் பாதையை மறித்தார்கள். குழுவின் கொடிக்கம்பத்தைத் தாங்கியவன் எரியும் இடத்துக்கு அருகே ஒரு கூரையின்மேல் ஏறி நின்று, தன் குழு காக்கும் எல்லை அதுவென்று காட்டினான்.

அவர்கள் அணிந்த மேலங்கியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பருத்தித் துணியைப் பல அடுக்காக வைத்து நெருக்கமாக இழையோட்டித் தைத்த அந்த அங்கி, தண்ணீரில் நனைந்தால் வெகுநேரம் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். வெளிப்புறம் நீலச் சாயமும் குழுவின் அடையாளமும் மட்டும். உட்புறத்திலோ நாகமும் புலியும் வீரர் கதைகளும் வர்ணங்களோடு எழுதப்பட்டிருக்கும். தீ அணைந்த பிறகே அதை மறுபுறம் திருப்பி அணிந்து வீதியில் நடந்தார்கள் என்பர். இயந்திரம் ஏதும் இல்லாமலே, ஒரு நகரம் தீயை எவ்வாறு புரிந்துகொண்டது, எதைத் தியாகம் செய்து எதைக் காத்தது, அந்த வேலைக்குச் சென்றவன் தன் உடம்பை எவ்வாறு கருதினான் என்பவை அனைத்தும் அந்த ஒரே துணியில் பிரத்தியட்சமாகத் தெரிகின்றன. அந்த அங்கியைக் காட்டவல்ல காட்சிசாலை, நூறு வண்டிகளை நிறுத்திய காட்சிசாலையைவிட அதிகமாகவே பேசுகிறது.

ஈயத் தகட்டில் ஓர் எண்

பொருளுக்கும் அதன் வரலாற்றுக்கும் உள்ள பந்தம் அறுந்துபோனால் என்ன நேரும் என்பதற்கு லண்டனின் இன்ஷூரன்ஸ் தகடுகளைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. 1666 செப்டம்பரில் புட்டிங் லேன் ரொட்டிக்கடையில் பிடித்த தீ 13,200 வீடுகளையும் 87 தேவாலயங்களையும் அழித்த பிறகு, நிக்கலஸ் பார்பன் என்பவர் 1680 வாக்கில் வீடுகளுக்குத் தீ இன்ஷூரன்ஸ் தரும் அலுவலகத்தைத் தொடங்கினார். பின்னர் வந்த கம்பெனிகள் தாமே தீயணைப்பாளர்களை அமர்த்திக்கொண்டு, காப்பீடு பெற்ற வீட்டின் சுவரில் தம் சின்னம் பொறித்த உலோகத் தகட்டைப் பதித்தன. இத்தகடுகள் இன்று பல அருங்காட்சியகங்களின் சுவர்களை அலங்கரிக்கின்றன. அவற்றோடு ஒரு கதையும் தவறாமல் சொல்லப்படுகிறது. தகடு இல்லாத வீட்டையோ, வேறு கம்பெனியின் தகடு உள்ள வீட்டையோ கண்டால் படையினர் கைகட்டி நின்று அது எரிவதை வேடிக்கை பார்த்தார்கள் என்பதே அக்கதை.

இந்தக் கதையை அப்படியே ஏற்பதற்கில்லை. காப்பீடு இல்லாத வீட்டில் எரியும் தீ அடுத்த வீட்டின் காப்பீட்டுப் பத்திரத்தைப் பார்த்து நின்றுவிடாது என்பது கம்பெனிகளுக்குத் தெரியாத விஷயமன்று. அண்டை வீட்டை அணைப்பதே தன் வீட்டைக் காக்கும் வழி. மேலும், 1707ஆம் ஆண்டுச் சட்டம், தீ நேர்ந்த இடத்துக்கு விரைந்து வந்துசேரும் பம்புகளுக்குச் சன்மானம் வழங்கியது. தகட்டைப் பார்த்துத் திரும்பிப் போவதில் லாபமில்லை. படையினர் இவ்வாறு கைவிட்டுச் சென்றதற்கு நம்பத்தக்க சமகால ஆதாரம் இல்லை என்றே இதை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: 1833இல் பத்துக் கம்பெனிகள் தம் படைகளை ஒன்றாக்கி, எடின்பரோவிலிருந்து வந்த ஜேம்ஸ் பிரெய்ட்வுட்டின் தலைமையில் ஒரே அமைப்பாக இயக்கத் தொடங்கிய பிறகும் தகடுகள் வழங்கப்பட்டுத்தான் வந்தன. ஆகவே, காலப்போக்கிலேனும் அவை அடையாளத்தைவிட விளம்பரமாகவே பயன்பட்டன என்று கொள்வது பொருந்தும்.

இனித் தகட்டையே பார்ப்போம். 1710இல் தோன்றிய சன் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தின் பழைய தகடுகள் ஈயத்தால் ஆனவை. கதிர் வீசும் சூரியனின் முகம் மேலே, அதன் கீழே பட்டையில் ஓர் எண். அந்த எண் காப்பீட்டுப் பத்திரத்தின் எண். அக்கம்பெனியின் பழைய பேரேடுகள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருப்பதால், தகட்டில் உள்ள எண்ணைக் கொண்டு பேரேட்டைப் புரட்டினால், அந்த வீட்டுக்காரரின் பெயர், தொழில், வீடு செங்கலா மரமா, உள்ளே இருந்த சரக்கின் மதிப்பு எவ்வளவு என்பவை வரை தேடிச் செல்ல வழியுண்டு. ஓர் ஈயத்துண்டு ஒரு குடும்பத்தின் வரலாற்றுக்கு வாசலாகிவிடுகிறது. பிற்காலத்துச் செப்புத் தகடுகளிலும் தகரத் தகடுகளிலும் எண் இல்லை. அவற்றுக்கு இருந்த ஒரே சாட்சியம், எந்தச் சுவரில் பதித்திருந்தது என்பதுதான். சுவரிலிருந்து பெயர்த்து, விலாசத்தைக் குறித்துக்கொள்ளாமல் விற்ற அன்றே அது போயிற்று.

சேர்க்கைப் பதிவேட்டை அருங்காட்சியக நிர்வாகத்தின் முதுகெலும்பு என்று சொல்வதற்கு இதுவே காரணம். பொருள் எப்போது, யாரிடமிருந்து, எந்த இடத்திலிருந்து, எந்த நிலையில் வந்தது என்ற நான்கு வரிகள் எழுதப்படாவிட்டால், அப்பொருளைப் பற்றி எந்தக் கட்டுக்கதையையும் யாரும் சொல்லலாம்; மறுக்க ஆதாரம் இராது.

மெருகின் நியாயம்

இங்கே எதிர்வாதத்தை அதன் முழு வலிமையோடு கேட்க வேண்டும். மெருகு பிற்காலத்து அருங்காட்சியகக்காரர்கள் ஏற்றிய பொய்யன்று. தீயணைப்பு நிலையத்தின் வாழ்க்கையிலேயே அது ஊறியிருந்தது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1736இல் பிலடெல்பியாவில் யூனியன் தீயணைப்புக் கழகத்தைத் தொடங்கிய நாள் தொட்டு, அமெரிக்க நகரங்களில் தீயணைப்பு என்பது தொண்டர் குழுக்களின் கௌரவப் பிரச்சினையாக இருந்தது. அவர்கள் தம் பம்பு வண்டிகளின் பக்கப் பலகைகளில் ஓவியம் தீட்டுவதற்கு ஜான் வுட்ஸைடு போன்ற தேர்ந்த ஓவியர்களை அமர்த்தினார்கள். ஊர்வல நாட்களில் வர்ணந்தீட்டிய தொப்பிகளை அணிந்து, வண்டியைக் கையாலேயே இழுத்து வீதியுலா வந்தார்கள். சம்பளம் பெறும் படைகள் வந்த பிறகும், பித்தளையைத் தேய்ப்பது அன்றாடக் கடமைகளில் ஒன்றாகவே நீடித்தது. ஆகவே பளபளப்பைப் பழிக்கிறவர், அந்த மனிதர்கள் தம் கருவிகளின்மேல் வைத்திருந்த அன்பையே பழிக்கிறவராவார்.

இரண்டாவது நியாயம் மனிதர்களைப் பற்றியது. இத்தகைய காட்சிசாலைகள் பலவற்றில் வண்டிகளைச் செப்பனிடுகிறவர்கள் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்களே. நீராவிப் பம்பின் பாய்லரில் தீ மூட்டி, அழுத்தம் ஏறுகிற வரை காத்திருந்து, குழாய் முனையிலிருந்து நீர் சீறிப் பாய்வதைக் கண்டால்தான் அந்தப் பொறியின் அர்த்தம் விளங்கும். நிறுத்திவைத்த இயந்திரம் பாதி ஊமை. பிரெய்த்வைட்டும் எரிக்ஸனும் 1829இல் லண்டனில் செய்த முதல் நீராவித் தீயணைப்புப் பொறியை அந்நகரத்தார் அவ்வளவாக ஆதரிக்கவில்லை. 1853இல் சின்சினாட்டி நகரம்தான் நீராவிப் பொறியையும் சம்பளப் படையையும் ஒருசேர ஏற்றது. நூற்றுக்கணக்கான தொண்டர் கைகள் மாறி மாறி அடித்த பம்பின் இடத்தை ஒரு பாய்லரும் சில குதிரைகளும் பிடித்துக்கொண்ட அந்த மாற்றத்தை, அட்டையில் எழுதிப் புரியவைப்பதைவிட ஓடும் பொறியைக் காட்டிப் புரியவைப்பது எளிது.

இவற்றை ஒப்புக்கொண்ட பின்பும் ஒரு பேதத்தை வற்புறுத்த வேண்டியிருக்கிறது. தேய்த்துத் துலக்குவது வேறு, செப்பனிடுகிறோமென்று சுரண்டி எடுப்பது வேறு. நாற்பது வருஷம் உழைத்த வண்டி ஒன்று, குதிரை இழுத்த நிலையிலிருந்து மோட்டாருக்கு மாறியிருக்கலாம். ஒரு நகரத்தார் விற்று, இன்னொரு சிற்றூரார் வாங்கித் தம் பெயரை எழுதியிருக்கலாம். யுத்த காலத்தில் சிவப்பின்மேல் சாம்பல் நிறம் பூசியிருக்கலாம். இத்தனை அடுக்குகளையும் உரித்துவிட்டு முதல்நாள் வர்ணத்தைத் திருப்பிக் கொணரும்போது, அந்த வண்டி தீயணைப்பில் ஈடுபட்ட காலம் முழுவதையும் அழித்துவிட்டு, அது இன்னும் ஒரு தீயையும் பார்த்திராத ஒரே நாளை மட்டும் நாம் காக்கிறோம். ஓட்டிக் காட்டுவதற்கு ஒரு வண்டியை ஒதுக்கி, அதில் மாற்றிய ஒவ்வோர் உறுப்பையும் பதிவு செய்து, பழைய உறுப்பையும் எறியாமல் வைத்துக்கொண்டு, ஏனையவற்றைத் தொடாமல் விடுவதே விவேகமான ஏற்பாடு. செப்பனிடும் வண்டியிலும் ஒரு சாண் அளவுக்குப் பழைய வர்ண அடுக்குகளை அப்படியே விட்டுவைப்பதற்குப் பெரிய செலவொன்றும் ஆகாது.

மூன்றாம் எண் ஏணி வண்டி

மெருகு பிடிக்க இயலாத பொருளொன்று நியூயார்க்கில் இருக்கிறது. ஆனால் அது தீயணைப்பு அருங்காட்சியகத்தில் இல்லை, செப்டம்பர் 11 நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்றாம் எண் ஏணிக் குழுவின் வண்டி 2001ஆம் ஆண்டு அந்தக் காலையில் உலக வர்த்தக மையத்துக்கு விரைந்தது. பணிமுறை மாறும் வேளையாதலால், வேலை முடிந்து வீடு செல்ல வேண்டியவர்களும் அன்று பல நிலையங்களிலிருந்து புறப்பட்டுப் போனார்கள். காப்டன் பாட்ரிக் பிரவுனின் தலைமையில் இக்குழுவினர் வடக்குக் கோபுரத்தில் படியேறினார்கள். கோபுரம் சரிந்தபோது குழுவின் பதினொருவர் மாண்டார்கள். அன்று உயிரிழந்த நியூயார்க் தீயணைப்புத் துறையினர் 343 பேர்.

வண்டியின் முன்பக்கம், ஓட்டுநர் அமரும் கூண்டு, இருந்த இடமே தெரியாமல் சிதைந்துவிட்டது. மேலே ஏணி முறுக்கிக் கிடக்கிறது. பின்பகுதியில் மட்டும் சிவப்பும், குழுவின் எழுத்துகளும், கருவிகள் வைக்கும் அறைகளின் கதவுகளும் அடையாளம் காணத்தக்க நிலையில் உள்ளன. பல ஆண்டுகள் கென்னடி விமான நிலையத்தின் கொட்டகை ஒன்றில் ஏனைய சிதைவுகளோடு காக்கப்பட்ட அந்த வண்டியை, 2011இல் கிரேன் கொண்டு பூமிக்கடியில் இறக்கினார்கள். அதை நேராக்கவும் இல்லை, வர்ணம் பூசவும் இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து பாரம் வந்து விழுந்தது, எஃகு எங்கே மடிந்தது, எங்கே கிழிந்தது என்பதைப் பார்க்கிறவர் தாமே வாசித்துக்கொள்ளலாம். ஸ்பிரிங் தெரு அருங்காட்சியகத்திலும் அந்த நாளுக்கென்று நினைவு அறை அமைந்திருந்தது. ஆனால் பக்கத்திலேயே மின்னும் பழைய பம்புகளோடு அது இருந்ததைக் கருதும்போது, ஒரே கூரையின் கீழ் இரண்டு வேறு தத்துவங்கள் குடியிருந்ததை உணராமல் இருக்க முடியாது.

சிதைந்த பொருளைக் காப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. தீயில் புகுந்து வந்த உடையிலும் தலைக்கவசத்திலும் படிந்த கரி வெறும் அழுக்கன்று. புற்றுநோய் விளைவிக்கும் பொருள்கள் அதில் கலந்திருக்கின்றன. தீயணைப்புத் தொழிலையே மனிதருக்குப் புற்றுநோய் தரும் தொழிலென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2022இல் வகைப்படுத்தியது. பழைய கையுறைகளிலும் திரைகளிலும் கல்நார் இருக்கும். சுவர்க் கொக்கியில் தொங்கவிட்டு, தீயைக் கண்டதும் எறிவதற்கென்று செய்த அழகிய கண்ணாடிக் குண்டுகளில், முற்காலத்தவை பலவற்றில் உப்புநீர்தான் இருந்தது. பிற்காலத்தவற்றிலோ கார்பன் டெட்ராகுளோரைடு என்னும் நச்சுத் திரவம். அது தீயின் வெப்பத்தில் யுத்தத்தில் பயன்படுத்திய ஃபாஸ்ஜீன் வாயுவாக மாறக்கூடியது. உடையைத் துவைத்தால் சாட்சியம் போகும், துவைக்காவிட்டால் காப்பாளருக்குத் தீங்கு. கண்ணாடிப் பெட்டியில் அடைத்து, கையுறையின்றித் தொடுவதில்லை என்ற விதியை எழுதி ஒட்டி, ஏன் துவைக்கவில்லை என்பதையே பார்வையாளருக்கு விளக்குவதுதான் இதற்குள்ள மார்க்கம். அந்த விளக்கம் அந்தத் தொழிலின் உண்மையான விலையையும் சொல்லிவிடும்.

ஏணி எட்டாத மாடி

தீயணைப்பு அருங்காட்சியகங்கள் பொதுவாகச் சொல்லும் சரித்திரம் முன்னேற்றத்தின் சரித்திரம்: வாளி, கைப்பம்பு, தோல்குழாய், நீராவி, மோட்டார். ஆம்ஸ்டர்டாமின் ஓவியர் யான் வான் டெர் ஹெய்டன் 1670களில் தோல்குழாயை உருவாக்கினார். ரிச்சர்ட் நியூஷம் 1720களில் காப்புரிமை பெற்ற பம்பை 1731இல் நியூயார்க் கடல் கடந்து வரவழைத்தது. இந்த வரிசை மெய்யானது. ஆனால் தீயில் மாண்டவர்கள் பலர் பம்பு பலவீனமாக இருந்ததால் மாளவில்லை. கதவு பூட்டியிருந்ததால் மாண்டார்கள்.

1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் குடியேறி வந்த இளம்பெண்கள். தீ எட்டாம் மாடியில் தொடங்கி மேலேறியது. அக்காலத்தின் சிறந்த குதிரை வண்டிகள் சில நிமிஷங்களில் வந்து சேர்ந்தன. அவற்றின் ஏணி ஆறாம் மாடியளவே எட்டியது. விரித்துப் பிடித்த வலைகள் குதித்தவர்களின் வேகத்தைத் தாங்காமல் கிழிந்தன. ஒன்பதாம் மாடியில் ஒரு பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது. முதலாளிகள்மேல் நடந்த வழக்கில், இடிபாடுகளிலிருந்து எடுத்த பூட்டு ஒன்றையே அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சாட்சியப் பொருளாக வைத்தது, அது அந்தக் கதவின் பூட்டுத்தானா என்று எதிர்த்தரப்பு வாதாடியது, முதலாளிகள் விடுதலையானார்கள். ஆனால் மாநிலம் அமைத்த தொழிற்சாலை விசாரணைக் குழுவிலிருந்து பிறந்த சட்டங்கள் வேலையிடத்தின் கதவுகளையும் படிகளையும் மாற்றின. அத்தீயைப் பற்றிய ஆவணங்களின் பெருந்தொகுதி கார்னெல் பல்கலைக்கழகத்தின் தொழிலாளர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தொழிற்சங்கம் அதைக் காத்தது. ஒரு நகரத்தின் தீயணைப்பு வரலாற்றில் அந்தப் பூட்டுக்கு உள்ள ஸ்தானம் எந்த நீராவிப் பொறிக்கும் குறைந்ததன்று என்பது என் துணிபு.

லண்டனிலும் இதே பாடம். 1861 ஜூன் 22 அன்று டூலி தெருக் கிடங்குகளில் மூண்ட தீயை அணைக்கச் சென்ற பிரெய்ட்வுட், சரிந்து விழுந்த சுவருக்கடியில் உயிரிழந்தார். தீ இரண்டு வாரம் புகைந்தது. சணலும் பருத்தியும் கொழுப்பும் நெருக்கி அடுக்கிய கிடங்குகளில், தீ பரவாமல் தடுப்பதற்கென்றே அமைத்த இரும்புக் கதவுகள் சாத்தப்படாமல் இருந்தன. நஷ்டம் ஏறத்தாழ இருபது லட்சம் பவுன். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், இனி லண்டனைக் காக்கும் பொறுப்பைத் தாங்க இயலாதென்று அரசாங்கத்திடம் தெரிவித்தன. 1865இல் சட்டம் வந்தது. 1866 ஜனவரி முதல் மாநகரத் தீயணைப்புப் படை பொதுச் செலவில் இயங்கத் தொடங்கியது. அந்தத் திறந்த இரும்புக் கதவுதான் அந்தப் படையின் பிறப்புச் சாசனம். பிரெய்ட்வுட்டின் வீரத்தைப் போற்றும் காட்சிப்பெட்டி, சாத்தாத கதவைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

குழந்தைகள் சறுக்கி விளையாடும் பித்தளைக் கம்பத்துக்கும் இத்தகைய மறைந்த வரலாறு உண்டு. முதல் கம்பம் 1878இல் சிகாகோவின் 21ஆம் எண் குழுவின் நிலையத்தில், மரத்தால் நிறுவப்பட்டது. அக்குழுவின் வீரர்கள் கறுப்பினத்தார். நிறவேற்றுமை மிகுந்த காலத்தில் அழைப்பு மணிக்கு எல்லோரையும் முந்திப் புறப்பட்டவர்கள் அவர்கள் என்பதைச் சொல்லாமல் கம்பத்தை மட்டும் காட்டுவது, அவர்களிடமிருந்து பொருளை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிடுவதாகும்.

ஏப்ரல் 14

நம் நாட்டிலும் தீயணைப்புத் துறையினர் ஆண்டுதோறும் ஏப்ரல் 14ஐத் தியாகிகள் தினமாக அனுசரிக்கிறார்கள். தமிழர் பெரும்பாலும் சித்திரைப் பிறப்பைக் கொண்டாடும் நாளாதலால், அந்த நினைவு நம்மிடையே அதிகம் பரவவில்லை. 1944இல் அந்த நாளில், பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற 'ஃபோர்ட் ஸ்டிக்கீன்' என்ற கப்பலில் தீப்பிடித்தது. ஒரே கப்பலில் பருத்திப் பொதிகளும், வெடிமருந்தும், தங்கக் கட்டிகளும் ஏற்றப்பட்டிருந்தன. கப்பலின் வயிற்றுக்குள் நீரைப் பாய்ச்சிக்கொண்டு நின்ற படையினரில் 66 பேர், மாலை நான்கு மணிக்குப் பின் அடுத்தடுத்து நிகழ்ந்த வெடிப்புகளில் மாண்டார்கள். துறைமுகமும் சுற்றுப்புறமும் அழிந்து நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தார்கள். இங்கும் கேள்வி பம்பைப் பற்றியதன்று. பஞ்சையும் வெடிமருந்தையும் ஒன்றாக ஏற்ற அனுமதித்தது யார், கப்பலை நகரை விட்டு விலக்கிச் செல்லவோ மூழ்கடிக்கவோ முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது, எரியும்போது அந்த முடிவு ஏன் எடுக்கப்படவில்லை என்பனவே கேள்விகள்.

அறுபது ஆண்டுகள் கழித்து, 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்திலிருந்து வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவிய தீ 94 குழந்தைகளைக் கொன்றது. அதன் பிறகே தமிழ்நாட்டுப் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. தமிழ்நாட்டில் தீயணைப்பின் வரலாற்றைச் சொல்ல முற்படும் எந்தக் காட்சிசாலையும், அக்கூரைகளை அகற்றச் சொன்ன அரசாணையையும், அத்தீயை ஆராய்ந்த விசாரணை ஆணையத்தின் அறிக்கையையும், அப்பள்ளியின் ஒடுங்கிய மாடிப்படியின் அளவையும், பம்புக்கும் ஏணிக்கும் சமமான காட்சிப் பொருள்களாக வைக்க வேண்டும். துயருற்ற பெற்றோரின் சம்மதமின்றிக் குழந்தைகளின் படங்களையோ உடைமைகளையோ வைக்கலாகாது. படியின் அளவுக்கும் கூரையின் பொருளுக்கும் அத்தகைய தடையில்லை, நேர்ந்ததை விளக்க அவையே போதும்.

அப்படியொரு காட்சிசாலைக்குக் கட்டடமும் வண்டியும் வாங்குவதற்கு முன்பே செய்யத்தக்க வேலை நிறைய இருக்கிறது. வண்டிகள் காலாவதியாகி ஏலத்துக்குப் போகும்போது அவற்றின் ஓட்டப் பதிவேடுகளைப் பிரித்து எடுத்து வைப்பது முதல் வேலை. நிலையங்களின் தினசரிக் குறிப்பேடுகளில், எத்தனை மணிக்கு அழைப்பு வந்தது, எத்தனை மணிக்கு வண்டி புறப்பட்டது, எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று எழுதியுள்ள வரிகளைச் செல்லரிப்பதற்குள் படமெடுப்பது இரண்டாவது. ஓய்வுபெற்ற வீரர்களையும், அவர்களின் மனைவிமாரையும், தீயிலிருந்து மீண்டவர்களையும் பேசவைத்து ஒலிப்பதிவு செய்வது மூன்றாவது. மூன்றாவதற்கு அவகாசம் மிகக் குறைவு. 1970களில் பணியில் சேர்ந்தவர்களில் இளையவருக்கே இன்று அறுபதைக் கடந்த வயதாகிறது. ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் பொறுமையுள்ள இருவரும் இருந்தால் இந்த வேலையை எந்த மாவட்டத்திலும் அடுத்த மாதமே தொடங்கலாம்.